இழப்பீடு கேட்கும் உரிமையைக் காப்பாற்றுங்கள்: தமிழ்நாட்டு நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு உறுப்பினர்களுக்கு,

வணக்கம். மக்களவையில் 39 பேர், மாநிலங்களவையில் 18 பேர் என்று தமிழ்நாட்டின் சார்பில் டெல்லியில் இருக்கும் உங்கள் அனைவருக்கும், கட்சி வேறுபாடு பாராமல் இதை எழுதுகிறேன். வங்கி, காப்பீடு, நிதி நிறுவனம் என்று எங்கே குறை ஏற்பட்டாலும் அதற்கு மனு எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதிக் கொடுப்பது என் வழக்கம். அண்மைக் காலமாக என்னிடம் வருகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பது இதைத்தான்: “என் விவரமெல்லாம் வெளியே போய்விட்டதாம். யார்மேல் வழக்குப் போடுவது? போட்டால் எனக்கு என்ன கிடைக்கும்?” இன்றைக்கு இந்தக் கேள்விக்கு அரைகுறையாகவாவது ஒரு பதில் இருக்கிறது. 2027 மே மாதத்துக்குப் பிறகு அந்த அரைப் பதிலும் இருக்காது. அதைத் தடுக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கிறது.

அந்த அரைப் பதிலைத் தருவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-ல் உள்ள 43-ஏ என்ற பிரிவு. 2008-ல் கொண்டுவரப்பட்ட திருத்தத்தின் மூலம் சேர்க்கப்பட்டது. ஒரு நிறுவனம் தன்னிடம் உள்ள அந்தரங்கத் தகவலைப் பாதுகாப்பதில் அலட்சியமாக இருந்து, அதனால் ஒருவருக்கு நட்டம் ஏற்பட்டால், அந்த நிறுவனம் அவருக்கு இழப்பீடு தர வேண்டும் என்று அது சொல்கிறது. அந்தரங்கத் தகவல் என்றால் எவையெவை என்பதை 2011-ல் வந்த விதிகள் வரையறுத்தன: கடவுச்சொல், வங்கிக் கணக்கு மற்றும் கார்டு விவரம், உடல்நிலை, மருத்துவப் பதிவுகள், கைரேகை போன்றவை. வங்கியிலும் காப்பீட்டு நிறுவனத்திலும் நாம் ஒப்படைப்பவை பெரும்பாலும் இவைதாம்.

இந்தப் பிரிவின்கீழ் ஐந்து கோடி ரூபாய் வரையிலான கோரிக்கையை விசாரிக்க ஒவ்வொரு மாநிலத்திலும் ஒரு தீர்ப்பளிக்கும் அலுவலர் இருக்கிறார். அந்தந்த மாநிலத்தின் தகவல் தொழில்நுட்பத் துறைச் செயலாளர்தான் அவர். நம் மாநிலத்தில் அவரைத் தேடிச் சென்றவர்கள் மிகக் குறைவு. அப்படி ஒருவர் இருப்பது வழக்கறிஞர்கள் பலருக்கே தெரியாது.

ஆனால் அந்தக் கதவு திறந்த நாளும் உண்டு. அதுவும் நம் சென்னையில்தான். அபுதாபியில் வேலை பார்த்த ஒருவரின் தூத்துக்குடிக் கணக்கிலிருந்து 2007-ல் போலி மின்னஞ்சல் வழியாகப் பல லட்சம் ரூபாய் பறிபோனது. அவர் தமிழ்நாட்டின் தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் முறையிட்டார். 2010 ஏப்ரலில், ஐசிஐசிஐ வங்கி அவருக்கு 12.85 லட்சம் ரூபாய் தர வேண்டும் என்று உத்தரவு வந்தது. வங்கியின் பாதுகாப்பு ஏற்பாட்டைக் கேள்வி கேட்டு, சாமானியர் ஒருவருக்குச் சாதகமாக இந்தியாவில் வந்த முதல் உத்தரவுகளில் ஒன்று அது. இது தரவுக் கசிவு வழக்கு இல்லைதான். ஆனாலும் ஒரு தனிமனிதர் பெரிய வங்கியை நிறுத்திக் கேள்வி கேட்க முடியும் என்று அது காட்டியது.

பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். வங்கி மேல்முறையீடு செய்தது. சைபர் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயத்தின் தலைவர் 2011-ல் ஓய்வுபெற்றார். அந்த நாற்காலியில் அதன்பின் யாருமே உட்காரவில்லை. 2017-ல் அந்தத் தீர்ப்பாயத்தையே தொலைத்தொடர்புத் தகராறுகளுக்கான டிடிசாட் தீர்ப்பாயத்தோடு இணைத்துவிட்டார்கள். மேல்முறையீடு முடிவுக்கு வந்தபோது 2019 பிறந்திருந்தது. பணம் பறிபோய்ப் பதினோரு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 2003-ஆம் ஆண்டின் விசாரணை விதிகளோ, மனுவை இயன்றவரை நான்கு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன. சட்டம் கொடுத்ததை நிர்வாகம் இப்படித்தான் முடக்கி வைத்தது.

இருந்தாலும், முடங்கிக் கிடந்த உரிமையை நிமிர்த்தி நடக்கவைக்க முடியும். இல்லாமல் போன உரிமையை என்ன செய்வது?

டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023 ஆகஸ்டில் இரு அவைகளிலும் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. அன்றைக்கு அவைகளில் நிலவிய கூச்சலையும் வெளிநடப்பையும் உங்களில் பலர் நேரில் பார்த்தவர்கள். உட்பிரிவு உட்பிரிவாக விவாதிக்க அங்கே இடமிருக்கவில்லை. அந்தச் சட்டத்தின் 44-ஆவது பிரிவைத் தயவுசெய்து எடுத்துப் படியுங்கள். அதன் இரண்டாம் உட்பிரிவில், தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43-ஏ நீக்கப்படுகிறது என்று ஒரே வரி இருக்கும். நீக்கிய இடத்தில் வேறு எதையும் வைக்கவில்லை. புதிய சட்டம் முழுவதும் தேடினாலும், பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீடு என்ற ஏற்பாடு கிடையாது.

தண்டத் தொகை மட்டும் இருக்கிறது, பெரிய அளவில். பாதுகாப்பு ஏற்பாட்டில் தவறிய நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை விதிக்கலாம். கசிவை, இந்தச் சட்டம் அமைக்கும் தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கும் பாதிக்கப்பட்டவருக்கும் தெரிவிக்கத் தவறினால் 200 கோடி வரை. அந்தப் பணம் எங்கே போகும் என்பதற்கு 34-ஆவது பிரிவில் பதில் இருக்கிறது: இந்தியத் தொகுப்பு நிதிக்கு. முழுத் தொகையும் அரசுக் கருவூலத்துக்குப் போகும். கசிந்தது என் மருத்துவ அறிக்கை. அதனால் என் தூக்கம் போயிற்று, சில வேளைகளில் என் சேமிப்பும் போயிற்று. எனக்கு ஒரு ரூபாய்கூட அதில் பங்கில்லை. அதே சட்டத்தின் அட்டவணையில், வாரியத்திடம் பொய்யான அல்லது அற்பமான புகார் கொடுக்கும் குடிமகனுக்குப் பத்தாயிரம் ரூபாய் வரை தண்டம் உண்டு என்றும் இருக்கிறது. 39-ஆவது பிரிவு, வாரியம் விசாரிக்கக்கூடிய விஷயங்களில் சிவில் நீதிமன்றம் தலையிட முடியாது என்கிறது.

இது கைதவறி விட்டுப்போனதாக எனக்குத் தோன்றவில்லை. 2018-ல் நீதிபதி பி.என். ஸ்ரீகிருஷ்ணா தலைமையிலான குழு தந்த வரைவில் இழப்பீட்டுக்குத் தனிப் பிரிவு இருந்தது. 2019-ல் அரசே தாக்கல் செய்த மசோதாவிலும் இருந்தது. அதை ஆராய்ந்த நாடாளுமன்றக் கூட்டுக் குழுவும் அதைக் கைவிடச் சொல்லவில்லை. 2022-ல் அந்த மசோதா திரும்பப் பெறப்பட்டுப் புது வரைவு வந்தபோதுதான் இழப்பீடு காணாமல் போனது.

விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. சட்டம் மூன்று கட்டங்களாக நடைமுறைக்கு வருகிறது. நிறுவனங்களின் கடமைகளும், 43-ஏ நீக்கமும் பதினெட்டு மாதங்கள் கழித்து, அதாவது 2027 மே மாதத்தில் வருகின்றன. அதனால்தான் இப்போது எழுதுகிறேன். இன்னும் அவகாசம் இருக்கிறது.

கசிவு என்பது ஏட்டளவில் பேசும் பொருள் இல்லை. சென்னையைத் தலைமையிடமாகக் கொண்ட ஸ்டார் ஹெல்த் காப்பீட்டு நிறுவனத்தில் 2024-ல் நடந்தது நம் எல்லோருக்கும் தெரியும். வாடிக்கையாளர்களின் பாலிசி விவரங்களும் மருத்துவ ஆவணங்களும் டெலிகிராம் செயலியின் தானியங்கிக் கணக்குகள் வழியாகக் கேட்டவர்களுக்கெல்லாம் கிடைத்ததை ராய்ட்டர்ஸ் செய்தி நிறுவனம் அந்த ஆண்டு செப்டம்பரில் வெளிக்கொண்டுவந்தது. திருடியவன் தன்னிடம் மூன்று கோடிக்கும் அதிகமானோரின் விவரம் இருப்பதாகப் பறைசாற்றினான். அது அவனுடைய கணக்கு. ஆனால் தங்கள்மீது சைபர் தாக்குதல் நடந்ததை நிறுவனமும் அக்டோபரில் ஒப்புக்கொண்டது.

நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. திருடியவன் மீதும் டெலிகிராம் மீதும் வழக்குத் தொடுத்து, அந்தத் தகவல்களைப் பரப்பக் கூடாது என்று இடைக்காலத் தடை பெற்றது. செய்ய வேண்டியதைத்தான் செய்தார்கள், அதில் எனக்குக் குறையில்லை. ஆனால் அந்த வழக்கில் வாதி நிறுவனம், பிரதிவாதி திருடனும் செயலியும். யாருடைய ஸ்கேன் அறிக்கை சந்தைக்கு வந்ததோ அவர் அங்கே கட்சிக்காரரே இல்லை. அவருக்கு என்ன ஈடு என்ற கேள்வி அந்த வழக்கில் எழ வாய்ப்பில்லை. அந்தக் கேள்வியைக் கேட்க சட்டத்தில் இருந்த இடம்தான் 43-ஏ.

என்னிடம் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். ஊர், பெயர், நிறுவனம் எதுவும் வேண்டாம். கணவருக்கு இதய அடைப்பு, ஸ்டென்ட் வைத்திருந்தார்கள். காப்பீட்டு நிறுவனம் மருத்துவமனை பில்லில் ஒரு பகுதியைப் பிடித்துக்கொண்டு மீதியைத்தான் தந்திருந்தது. சில மாதம் கழித்து ஒரு அழைப்பு. பேசியவன் பாலிசி எண்ணைச் சொன்னான். மருத்துவமனையின் பெயர், சேர்ந்த தேதி, வைத்த ஸ்டென்டின் எண்ணிக்கை, பிடித்தம் செய்த தொகை எல்லாவற்றையும் ரூபாய் பிசகாமல் சொன்னான். “உங்கள் மேல்முறையீடு ஏற்கப்பட்டது, மீதித் தொகை இன்றே கணக்கில் ஏறும், வரும் எண்ணைச் சொல்லுங்கள்” என்றான். அந்த அம்மா ஓடிபியைச் சொன்னார். நகை அடகு வைத்துச் சேர்த்து வைத்திருந்த பணம் போய்விட்டது.

அவர் கொண்டுவந்த மஞ்சள் பையில் இரண்டு கடிதங்கள் இருந்தன. வங்கியின் கடிதம், ஓடிபியைப் பகிர்ந்தது வாடிக்கையாளரின் கவனக்குறைவு, எனவே வங்கிக்குப் பொறுப்பில்லை என்றது. காப்பீட்டு நிறுவனத்தின் கடிதம், தங்கள் தரப்பிலிருந்து தகவல் கசிந்ததற்கு ஆதாரம் இல்லை என்றது. இரண்டிலும் “தங்களின் நம்பிக்கைக்கு நன்றி” என்ற வரி இருந்தது. “ஆஸ்பத்திரிக்காரருக்கும் இன்சூரன்ஸ்காரருக்கும் மட்டும் தெரிந்தது அவனுக்கு எப்படி ஐயா தெரியும்?” என்று அவர் கேட்டார். சட்டம் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். ஓடிபி சொன்னதை மட்டும் பார்த்தால் அவர் ஏமாளி. அவன் சொன்ன விவரங்களைப் பார்த்தால், நம்பாமல் இருக்க அவருக்கு எந்தக் காரணமும் இருந்திருக்காது. கசிவு முதலில் நடக்கிறது, மோசடி பிறகு வருகிறது. நடுவில் மாதங்கள் கடந்துவிடுவதால் இரண்டையும் முடிச்சுப் போட முடியாமல் போகிறது. கசிய விட்டவர் கணக்கிலிருந்தே நழுவிவிடுகிறார்.

இனி, இப்போது இருக்கும் மற்ற வழிகள். 43-ஏ போனாலும் அவை போதும் என்று உங்களிடம் யாராவது சொல்லக்கூடும். அதனால் ஒவ்வொன்றும் எதுவரை கொண்டுவிடும் என்று எழுதுகிறேன்.

பணம் கணக்கிலிருந்து போய்விட்டால் முதலில் செய்ய வேண்டியது 1930 என்ற சைபர் மோசடி உதவி எண்ணுக்கு அழைப்பதும் வங்கிக்கு எழுத்தில் தெரிவிப்பதும். ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6 அன்று வெளியிட்ட சுற்றறிக்கை வாடிக்கையாளருக்கு நல்ல பாதுகாப்பு தந்தது. அதன்படி, தவறு வங்கியுடையது என்றால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பே இல்லை. வங்கியும் இல்லாமல் வாடிக்கையாளரும் இல்லாமல் வேறெங்கோ நடந்த மீறல் என்றால், மூன்று வேலை நாட்களுக்குள் தெரிவித்தால் முழுப் பணமும் திரும்ப வர வேண்டும். நான்கு முதல் ஏழு வேலை நாட்களுக்குள் என்றால் கணக்கின் வகையைப் பொறுத்து 5,000 முதல் 25,000 ரூபாய் வரை மட்டுமே வாடிக்கையாளர் தலையில் விழும். புகார் வந்த பத்து வேலை நாட்களுக்குள் தொகையைத் தற்காலிகமாகக் கணக்கில் வரவு வைக்க வேண்டும். வாடிக்கையாளரின் தவறு என்று நிரூபிக்கும் பொறுப்பும் வங்கியுடையதே. இத்தனையும் இருந்தும், ஓடிபியைச் சொல்லிவிட்டார் என்ற ஒற்றை வரியில் வங்கிகள் கதவைச் சாத்துகின்றன. வேறொரு நிறுவனத்தின் கசிவு அந்த ஓடிபியை வரவழைத்தது என்பதற்கு இந்தச் சுற்றறிக்கையில் இடமில்லை.

வங்கி முப்பது நாளில் பதில் தராவிட்டாலோ, தந்த பதில் திருப்தி இல்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் போகலாம். 2021-ஆம் ஆண்டுத் திட்டம் நட்டத்துக்கு 20 லட்சம் வரையும், மன உளைச்சலுக்கு ஒரு லட்சம் வரையும் தர அவருக்கு அதிகாரம் கொடுத்தது. நல்ல அமைப்பு, பலருக்குப் பலன் கிடைத்திருக்கிறது. ஆனால் அது ரிசர்வ் வங்கியின் கட்டுப்பாட்டில் உள்ள நிறுவனங்களுக்கு மட்டும். காப்பீட்டுக்குத் தனிக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார். அவர் முன் வரும் வழக்குகள் பெரும்பாலும் மறுக்கப்பட்ட கிளெய்ம், தாமதம், பிரீமியத் தகராறு போன்றவை. ஒரு கணினி அமைப்பில் எங்கே ஓட்டை, யார் அலட்சியம் என்று தோண்டி விசாரிக்கும் வசதி இரண்டு இடத்திலும் இல்லை.

எஞ்சுவது நுகர்வோர் ஆணையம். என்னிடம் வருகிறவர்களை நான் அதிகம் அனுப்பும் இடம் இதுதான். 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் மூன்று நல்ல அம்சங்கள் இருக்கின்றன. சேவைக் குறைபாடு என்பதற்குள் தகவல் பாதுகாப்பில் காட்டும் அலட்சியத்தைக் கொண்டுவர முடியும். நுகர்வோர் நம்பிக்கையோடு தந்த தனிப்பட்ட தகவலைச் சட்டத்துக்குப் புறம்பாக மற்றவரிடம் வெளியிடுவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அந்தச் சட்டம் வெளிப்படையாகவே சொல்கிறது. மூன்றாவதாக, ஒரே குறை உள்ள பலர் சேர்ந்து, அல்லது அனைவரின் சார்பில் ஒருவர், ஆணையத்தின் அனுமதியோடு 35-ஆவது பிரிவின்கீழ் ஒரே மனுவாகத் தாக்கல் செய்யலாம். குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்சத்துக்குள் என்றால் மனுவுக்குக் கட்டணம் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்குள் போட்டுவிட வேண்டும்.

ஆனால் எதிர்த் தரப்பு வழக்கறிஞர் என்ன சொல்வார் என்பதையும் பாருங்கள். “நாங்கள் வெளியிடவில்லை, திருடன் வெளியிட்டான்” என்பார். “சிக்கலான தொழில்நுட்பக் கேள்வி, சுருக்க விசாரணையில் தீர்க்க முடியாது, சிவில் நீதிமன்றம் போகட்டும்” என்பார். புதிய சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்தபிறகு, “இதற்கென்றே தரவுப் பாதுகாப்பு வாரியம் இருக்கிறது, முரண் ஏற்பட்டால் அந்தச் சட்டமே மேலோங்கும் என்று 38-ஆவது பிரிவு சொல்கிறது” என்றும் வாதிடுவார். அதே பிரிவு, இந்தச் சட்டம் பிற சட்டங்களுக்குக் கூடுதலானதே தவிர அவற்றைக் குறைப்பது ஆகாது என்றும் சொல்வதால், இந்த வாதம் நிற்கக் கூடாது என்பது என் கருத்து. ஆனால் அதை உச்ச நீதிமன்றம் வரை கொண்டுபோய் நிலைநாட்டப் போவது யார்? மஞ்சள் பையோடு வந்த அந்த அம்மாவா?

இன்னொன்று. இத்தனை வழிகளிலும் நடக்க முதலில் கசிவு நடந்தது தெரிய வேண்டும். 2022 ஏப்ரலில் வந்த உத்தரவுப்படி நிறுவனங்கள் சைபர் சம்பவங்களை ஆறு மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினி அவசரநிலை அமைப்பான செர்ட்-இன்னுக்குச் சொல்ல வேண்டும். வாடிக்கையாளருக்குச் சொல்ல வேண்டும் என்று அதில் இல்லை. பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றி, புரியும்படி தெரிவிக்க வேண்டும் என்பது புதிய விதிகளில்தான் வருகிறது. மனமார வரவேற்கிறேன். ஆனால் அதுவும் 2027 மே மாதம்தான். உங்கள் தகவல் கசிந்துவிட்டது என்று கடிதம் வரத் தொடங்கும் அதே மாதத்தில், அந்தக் கடிதத்தை ஆதாரமாகக் காட்டி இழப்பீடு கேட்கும் பிரிவு மறைந்துவிடும்.

மற்ற நாடுகளில் எல்லாம் சரியாக நடக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அமெரிக்காவில் ஈக்விஃபேக்ஸ் என்னும் கடன் மதிப்பீட்டு நிறுவனத்திலிருந்து 2017-ல் ஏறத்தாழ 14.7 கோடிப் பேரின் விவரம் போனது. அறிவிக்கப்பட்ட ஒரு மென்பொருள் ஓட்டையை நேரத்தோடு அடைக்காததே காரணம். 2019-ல் ஏற்பட்ட சமரசத்தில் பாதிக்கப்பட்டவர்களுக்கென்று 42.5 கோடி டாலர் வரை ஒதுக்கப்பட்டது. தலைக்கு 125 டாலர் ரொக்கம் என்று சொன்னார்கள். கேட்டவர்கள் பெருகியதால் பலருக்குக் கிடைத்தது அதில் மிகச் சிறிய பகுதிதான். இருந்தாலும் அங்கே பணம் பாதிக்கப்பட்டவரை நோக்கித்தான் நகர்ந்தது. நேரடியாக நட்டப்பட்டவர்கள் ரசீதோடு வந்தால் இருபதாயிரம் டாலர் வரை கேட்க வழியிருந்தது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் வழி இன்னும் தெளிவானது. அவர்களுடைய தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் 82-ஆவது பிரிவு, பொருள் நட்டத்துக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு கேட்கும் உரிமையை ஒவ்வொருவருக்கும் தருகிறது. பல்கேரிய வரித்துறையின் கணினியிலிருந்து 2019-ல் அறுபது லட்சம் பேருக்கு மேற்பட்டவர்களின் விவரம் வெளியேறியது. அது தொடர்பான வழக்கில் 2023 டிசம்பரில் ஐரோப்பிய நீதிமன்றம் சொன்னதை உங்கள் மேசையில் வைக்க விரும்புகிறேன். தகவல் தவறாகப் பயன்படுத்தப்படுமோ என்ற அச்சம்கூட இழப்பீட்டுக்குரிய பாதிப்பு ஆகலாம். போதிய பாதுகாப்பு இருந்தது என்று நிரூபிக்க வேண்டியது தகவலை வைத்திருந்தவர். வெளியாள் திருடினான் என்று சொன்ன மாத்திரத்தில் அவர் பொறுப்பிலிருந்து விடுபட முடியாது. அங்கே பிரதிவாதியாக நின்றது அரசுத் துறை என்பதையும் கவனியுங்கள்.

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் 2017 ஆகஸ்டில் ஒருமனதாகச் சொன்னார்கள். மீறப்பட்டால் மீறியவரிடம் ஈடு கேட்க முடியாத உரிமையை வைத்துக்கொண்டு ஒரு சாமானியர் என்ன செய்வார்?

அதனால் உங்களிடம் கேட்கிறேன்.

43-ஏ பிரிவை நீக்கும் உட்பிரிவு நடைமுறைக்கு வராதபடி முதலில் தடுத்து நிறுத்துங்கள். அதற்குப் புதுச் சட்டம்கூடத் தேவையில்லை. மத்திய அரசு ஒரு அறிவிக்கை மூலம் அந்தத் தேதியைத் தள்ளிவைக்கலாம். தேதியை நிர்ணயித்ததும் அறிவிக்கைதானே. துறை அமைச்சரைச் சந்தித்து இதைக் கேளுங்கள். கட்சிகள் சேர்ந்து ஒரே கடிதத்தில் கையெழுத்திட்டால் இன்னும் நல்லது.

அடுத்து, தரவுப் பாதுகாப்புச் சட்டத்திலேயே இழப்பீட்டுப் பிரிவைச் சேர்க்கத் திருத்தம் கொண்டுவாருங்கள். ஸ்ரீகிருஷ்ணா குழுவின் வரைவு ஏற்கெனவே கையில் இருக்கிறது. அதோடு மூன்று விஷயங்களைச் சேர்க்க வேண்டும்: மன உளைச்சலும் அச்சமும் பாதிப்பாகக் கருதப்பட வேண்டும், பாதுகாப்பு போதுமானதாக இருந்தது என்று நிரூபிக்கும் பொறுப்பு நிறுவனத்துடையதாக இருக்க வேண்டும், வாரியம் ஒரு நிறுவனம் தவறியது என்று முடிவு செய்தால், அந்த முடிவையே ஆதாரமாக வைத்துப் பாதிக்கப்பட்ட எல்லோரும் கூட்டாக இழப்பீடு கோர முடிய வேண்டும். வசூலாகும் தண்டத் தொகையில் ஒரு பங்கு பாதிக்கப்பட்டவர்களுக்கான நிதிக்குப் போவதும் நியாயமே. ஆனால் அது உரிமைக்கு மாற்று ஆகாது.

அரசு கொண்டுவராவிட்டால் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவாருங்கள். தனிநபர் மசோதா எங்கே நிறைவேறப் போகிறது என்ற சலிப்பு வேண்டாம். திருநங்கையர் உரிமைகளுக்காகத் திருச்சி சிவா கொண்டுவந்த தனிநபர் மசோதாவை 2015 ஏப்ரலில் மாநிலங்களவை நிறைவேற்றியது. பல பத்தாண்டுகளுக்குப் பிறகு அந்த அவையில் நிறைவேறிய தனிநபர் மசோதா அது. அந்த மசோதா மக்களவையைத் தாண்டவில்லை. 2019-ல் வந்த அரசின் சட்டத்திலும் ஆயிரம் குறை சொல்லலாம். ஆனால் அந்த விஷயத்தைக் கண்டுகொள்ளாமல் விட முடியாத நிலையை அரசுக்கு ஏற்படுத்தியது அந்த மசோதாதான்.

மாநிலத்திலும் உங்களுக்கு வேலை இருக்கிறது. ஆளும் தரப்பில் இருந்தாலும் எதிர்த்தரப்பில் இருந்தாலும், சென்னைக் கோட்டையில் கேளுங்கள்: தீர்ப்பளிக்கும் அலுவலரிடம் இதுவரை எத்தனை மனு வந்தது, எத்தனை தீர்ந்தது, எத்தனை பேருக்கு இழப்பீடு கிடைத்தது? 43-ஏ உயிரோடு இருக்கும் இந்த மாதங்களிலாவது அவருக்குத் தனி அலுவலகமும் ஊழியர்களும் தரச் சொல்லுங்கள். மனுப் படிவம் தமிழில் வேண்டும். மதுரையிலும் கோவையிலும் மாதம் ஒரு நாளாவது அமர்வு நடக்க வேண்டும். ஒரு துறையையே நிர்வகிக்கும் செயலாளர் மிச்ச நேரத்தில் நீதிபதியாகவும் இருக்க வேண்டும் என்ற ஏற்பாட்டால்தான் இந்தக் கதவு துருப்பிடித்தது.

உங்கள் தொகுதி அலுவலகங்களுக்கு மக்கள் வருவார்கள். அவர்களிடம் சொல்ல வேண்டியவையும் உண்டு. சந்தேகத்துக்குரிய அழைப்பு வந்த எண், நேரம், அவன் சொன்ன விவரங்கள் அனைத்தையும் அன்றே எழுதி வைக்கச் சொல்லுங்கள். கசிவுக்கும் மோசடிக்கும் முடிச்சுப் போட உதவும் ஒரே சான்று பெரும்பாலும் அதுதான். நிறுவனத்திடம், என் தகவல் கசிந்ததா, எப்போது, எவையெவை என்று எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ஆதாரம் இல்லை என்று பதில் வந்தாலும் அதைப் பத்திரப்படுத்த வேண்டும், பின்னால் அதுவே நிறுவனத்துக்கு எதிராகத் திரும்பக்கூடும். காவல் துறையின் சைபர் குற்றப் பிரிவில் தந்த புகாரின் நகல் இல்லாமல் எந்த ஆணையத்துக்கும் போக வேண்டாம். பாதிக்கப்பட்டவர்கள் தனித்தனியாக அலையாமல் பத்துப் பேராகச் சேர்ந்தால் 35-ஆவது பிரிவு கைகொடுக்கும்.

அடுத்த கூட்டத்தொடரில் உங்களில் ஒருவராவது நட்சத்திரக் குறியிட்ட கேள்வியாக இதை எழுப்புங்கள்: 43-ஏ பிரிவை நீக்கிய பிறகு, தரவுக் கசிவால் பணம் இழந்த ஒரு குடிமகன் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்கீழ், யாரிடம் இழப்பீடு கேட்க வேண்டும்? அமைச்சர் அவையில் தரும் பதிலை எங்களுக்கும் தெரியப்படுத்துங்கள். அதை வைத்துத்தான் அடுத்து வருகிறவர்களுக்கு நான் மனு எழுத வேண்டும்.

இப்படிக்கு,
நுகர்வோர் மனுக்கள் எழுத உதவும் ஒரு வாக்காளர்,
திருச்சிராப்பள்ளி.